சில்லறை விஞ்ஞானி

சிப்ஸ் கடை மனைவியுடையது. கடையில் விழும் சில்லறையை எண்ணுவது நான். இதில் யார் முதலாளி, யார் சிப்பந்தி என்பதில் குமுளியில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஏலக்காய் ஸ்டோரில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். "எண்ணுறதுதானே உங்க தொழிலு, எண்ணுங்க" என்று பிஸ்கட் டின்னை என் முன்னால் நகர்த்திவிட்டுப் போய்விடுவாள். என் தொழில் எண்ணுவதல்ல, எழுதுவது என்று நான் விளக்குவதற்குள் அவள் பாதி நேந்திரங்காயைச் சீவி முடித்திருப்பாள்.

சபரிமலை சீசனில் டின் போதாது, வாளிதான். கம்பத்திலிருந்து மலைக்குப் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். தரிசனம் முடித்தவர்கள் குமுளி வழியாக இறங்குவார்கள். ஆகவே எங்கள் கடைக்கு வருவது போகிற சாமி இல்லை, திரும்புகிற சாமி. போகிற சாமியிடம் நோட்டு இருக்கும். திரும்புகிற சாமியிடம் செல்போனும் சில்லறையும்தான் மிச்சம். செல்போனில் சார்ஜ் இருக்காது. "சாமி, இதையும் சேத்து எடுத்துக்குங்க சாமி" என்று பையின் அடியிலிருந்து அள்ளி வைப்பார்கள். எங்க வீட்டுக்காரியும் "சாமி சரணம்" என்று வாங்கிக்கொள்வாள். அன்றிரவு சரணம் போடுவது நான்.

கீழே உட்கார்ந்து எண்ணினால் இடுப்பு பிடிக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் காசு உருண்டு பீரோவுக்கு அடியில் போகிறது. இதற்கு ஒரு மெஷின் செய்தால் என்ன என்று தோன்றியது. இத்தனை வருடம் ஏலக்காயோடு கிடந்தவனுக்கு யோசனையும் ஏலக்காய் வாசனையோடுதானே வரும்? காயைப் பருமனாகத் தரம் பிரிப்பது சல்லடை. எட்டு மில்லிமீட்டர் துளையில் நிற்பதற்கு மரியாதையே தனி. அதில் விழுந்து ஏழில் நிற்பது அடுத்த தரம். புற்றடி ஏலத்தில் நிறத்துக்கு அடுத்து அந்த மில்லிமீட்டரைப் பார்த்துத்தான் வியாபாரி கேட்பார். காயைப் பிரிக்கத் தெரிந்தவனுக்குக் காசைப் பிரிக்கத் தெரியாதா?

திட்டம் எளிது. சரிவாக ஒரு பிளைவுட் பலகை, அதில் காசு உருண்டு வர ஒரு தடம். தடத்தில் வரிசையாக ஓட்டைகள், முதலில் சின்னது, போகப் போகப் பெரியது. தன் அளவு ஓட்டை வந்ததும் காசு விழும், கீழே டப்பா. காசு பிரிக்கும் மெஷின்கள் பலவற்றில் மோட்டாரையும் மூடியையும் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது இதுதான். ஆசாரியைக் கூப்பிட்டு விளக்கினேன். அவர் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்மூர் மழைக்கு இது ஊதுமே சார், ஆடியில ஓட்டை அளவு மாறிடுமே" என்றார். ஆடி வரைக்கும் அந்த மெஷின் வீட்டில் இருக்கும் என்று நம்பியது, எங்கள் இருவரைத் தவிர வேறு யாருமில்லை.

அவர் ஓட்டையின் அளவு கேட்டார். வெர்னியர் இரவல் வாங்கி, வாளியில் இருந்த காசுகளை ஒவ்வொன்றாக அளந்தேன். அப்போதுதான் இந்திய நாணயச் சாலைகளைப் பற்றி எனக்கு ஞானம் பிறந்தது.

இரண்டு ரூபாயை எடுத்தேன். 2011-இல் வந்த வரிசை அது, 25 மில்லிமீட்டர். எழுதிக்கொண்டேன். பெருவிரலைத் தூக்கிக் காட்டும் பழைய ஒரு ரூபாயை எடுத்தேன். அதுவும் 25. சரி, கண் மங்கல் என்று நினைத்து, 2019-இல் அறிவித்த புது ஐந்து ரூபாயை அளந்தேன். 25! போதாக்குறைக்கு, பழைய ஐந்து ரூபாய் 23 மில்லிமீட்டர். அதே 23-இல் புது இரண்டு ரூபாய் வந்து நிற்கிறது. பத்து ரூபாய் 27 என்றால், பன்னிரண்டு பட்டை போட்ட இருபது ரூபாயும் 27. ஒரு ரூபாயோ 25-இலிருந்து 22-க்கு இறங்கி, இப்போது 20-இல் வந்து நிற்கிறது. இன்னும் கொஞ்சம் இளைத்தால் ஏலக்காய்ச் சல்லடையிலேயே சலித்துவிடலாம்.

ஆனாலும் மெஷினைச் செய்து முடித்தோம். விஞ்ஞானி பாதியில் விடக் கூடாது. திறப்பு விழாவுக்கு மாமியார் வந்திருந்தார். கைப்பிடி காசை மேலே போட்டதும் கடகடவென்று உருண்டு, டக் டக்கென்று அழகாக விழுந்தன. மாமியார்கூட "பரவாயில்ல மாப்ள" என்றார். மனைவி நான்காவது டப்பாவை எடுத்து உள்ளே பார்த்தாள்.

"ஏங்க, இதுல எவ்வளவு இருக்கு?"

"அதுல இருபத்தஞ்சு மில்லிமீட்டர் இருக்கு."

அவள் அந்த டப்பாவைத் தரையில் கவிழ்த்து, ஒன்றையும் இரண்டையும் ஐந்தையும் கையால் பிரித்தாள். இரண்டு விரலால் ஐந்தைந்தாக இழுத்து எண்ணுவது அவள் வழக்கம். வாய் மாமியாரோடு பேசிக்கொண்டிருக்கும், விரல் தவறாது.

நாணயம் ஏன் இப்படி உருமாறுகிறது என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். காரணம் உலோகத்தின் விலை. காசின் முகமதிப்பைவிட உலோகம் விலை ஏறிவிட்டால், காசை உருக்கி விற்கிறவன் கிளம்பிவிடுவான். 2007 வாக்கில் நம் ஒரு ரூபாய் நாணயங்களைக் கல்கத்தாப் பக்கத்திலிருந்து வங்கதேசத்துக்குக் கடத்தி, ஒரு காசுக்கு ஐந்தாறு சவர பிளேடு வீதம் செய்கிறார்கள் என்று செய்தியே வந்தது. ஆகவே அரசு காசை இளைக்க வைத்தது. 2011-இல் ஐம்பது காசின் உடம்பு ஒரு ரூபாய்க்கு, ஒரு ரூபாயின் உடம்பு இரண்டு ரூபாய்க்கு என்று ஆனது. தம்பி கழற்றிப் போட்ட சட்டையை அண்ணன் மாட்டிக்கொண்டு கிளம்பிய கதை. பழைய காசுகளும் செல்லும் என்பதால் அண்ணனும் தம்பியும் ஒரே சட்டையில் என் வாளிக்குள் கிடக்கிறார்கள்.

எடை போட்டால் தீர்ந்தது என்பீர்கள். நானும் சொன்னேன். சின்னக் காசுகளை நிறுத்தும் வாங்கலாம், நூறு நூறாகப் பாலிதீன் உறையில் போட்டும் வாங்கலாம் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பெருவிரல் ஒரு ரூபாயின் எடை 4.85 கிராம். 2011 இரண்டு ரூபாயின் எடையும் 4.85 கிராம். நூறு காசு 485 கிராம். இந்தப் பொட்டலம் நூறு ரூபாயா, இருநூறு ரூபாயா என்று தராசு எப்படிச் சொல்லும்? ஐந்து ரூபாய் வேறு திசையில் போகிறது: பழைய கனத்த காசு 9 கிராம், பிறகு வந்தது 6 கிராம். நான் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு போன ஒரு வங்கிக் கிளையில் காசாளர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், "சேட்டா, உச்சைக்கு சேஷம் வரூ" என்றார். மத்தியானத்துக்குப் பிறகு அவர் இல்லை.

எடையை நம்பி ஏமாறுவது புதிதல்ல. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஹீரோன் என்பவர், கோயில் வாசலில் காசு போட்டால் தீர்த்தம் வரும் பெட்டி ஒன்றை ஏறத்தாழ 2,000 வருடம் முன்பே எழுதி வைத்திருக்கிறார். காசு ஒரு தட்டில் விழும், தட்டு சாயும், அடைப்பான் திறக்கும். காசு சரிந்து விழுந்ததும் தீர்த்தம் நிற்கும். அந்தத் தட்டுக்குத் தெரிந்தது எடை ஒன்றுதான். அதே எடையில் ஓட்டாஞ்சில்லைப் போட்டாலும் புண்ணியம் கிடைத்திருக்கும். நம் ரயில் நிலையங்களில் பல்பு எரிய, சக்கரம் சுழல நின்ற எடை பார்க்கும் மெஷினிலும் வாஷர் போட்டுப் பார்த்த பரம்பரைதானே நாம்? அதனால்தான் பிறகு வந்த மெஷின்களில் மின்சுருள் வைத்து, என்ன உலோகம் என்று சோதித்தார்கள். நம் பழைய ஒரு ரூபாயும் 2011 இரண்டு ரூபாயும் அங்கேயும் கைகோத்து நிற்கும். இரண்டுமே துருப்பிடிக்காத எஃகு. காமிரா வைத்து முகத்தைப் பார்த்தால்தான் உண்டு. அதைத்தான் என் மனைவி செய்கிறாள்.

எனக்கு ஆறுதல் சொன்னது சபரிமலைதான். 2022-23 சீசன் முடிந்து நடை அடைத்த பிறகும் அங்கே காணிக்கைக் காசுக் குவியல் எண்ணித் தீரவில்லை. நூற்றுக்கணக்கான தேவஸ்வம் ஊழியர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து எண்ண, விஷயம் கேரள உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரே மதிப்புக்குப் பல உருவம் இருப்பதால் மெஷினில் போட முடியவில்லை என்றார்கள். பேப்பரை மடித்து மனைவியிடம் நீட்டினேன். "அவங்க கோடிக்கணக்குல எண்ணுறாங்க. உங்களுக்கு ஒரு வாளி" என்றாள்.

வேடிக்கை என்னவென்றால், காசு எண்ணும் கருவியில் உருப்படியான ஒன்று இந்த மண்ணிலேயே இருந்திருக்கிறது. குமுளி அன்று திருவிதாங்கூர். எல்லைக்கு அந்தப் பக்கம் அணா, இந்தப் பக்கம் சக்கரம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வெள்ளிச் சக்கரம் ஒரு ஏலக்காய்ப் பருமன்தான் இருக்கும், எடை அரை கிராம்கூடத் தேறாது. விரலால் எண்ணினால் நகக்கண்ணில் போய்விடும். அதற்கென்று கஜானாவில் சக்கரப் பலகை வைத்திருந்தார்கள். மரப் பலகையில் வரிசை வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு சக்கரம் கொள்ளும் அளவு. ஒரு பிடி காசை அள்ளிப் போட்டு மெல்ல ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும். மிச்சத்தை வழித்துவிட்டால் போதும். பலகை நிறைந்தால் தொகை தெரியும். மோட்டார் இல்லை, மின்சுருள் இல்லை, ஆசாரி போதும். என் பலகைக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், அந்த ராஜாங்கத்தில் சக்கரம் சக்கரமாகவே இருந்தது. எனவே குற்றம் என்னுடையதல்ல என்று இதன் மூலம் அறிவிக்கிறேன். வீட்டில் இதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. பிளைவுட் பலகை இப்போது சிப்ஸ் எண்ணெய் வடிக்கிறது. ஓட்டைகள் அதற்கு வசதியாம்.

இந்தச் சீசனில் குமுளி வழியாகத் திரும்பும் சாமிமாருக்கு ஒரு விண்ணப்பம். பெருவிரல் போட்ட காசு ஒரு ரூபாய்தான், அளவைப் பார்த்து இரண்டு என்று தந்துவிடாதீர்கள். அதே வரிசை இரண்டு ரூபாயில் இரண்டு விரல் இருக்கும். பத்து ரூபாய் நாணயம் எந்த டிசைனில் இருந்தாலும் செல்லும். ஐம்பது காசும் செல்லும், 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு தடவைக்குப் பத்து ரூபாய் வரை அதில் கட்டலாம். ஆனால் அதைக் கடையில் நீட்டாதீர்கள், அங்கே அந்தச் சட்டம் அமலில் இல்லை. பின்கட்டில் நான் இருப்பேன், என்னிடம் கொடுங்கள்.