வண்டிக்கு வெயில் ஆகாது

கங்கைகொண்ட சோழபுரத்தில் வண்டி நிறுத்த வசதி எப்படி என்று கேட்டால் அவர் கால் மணி நேரம் பேசுவார். கோயில் எப்படி என்று கேட்டால், "அதை எங்க வீட்டம்மாகிட்ட கேளுங்க" என்பார்.

உங்கள் அடுக்ககத்திலும் ஒருவர் இருப்பார். பணி ஓய்வு பெற்றவர், அல்லது பெறப்போகிறவர். பிள்ளைகள் தொலைவில். ஞாயிற்றுக்கிழமை கோழி கூவுமுன் மனைவியை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம், மாமல்லபுரம், புதுச்சேரி, துணிச்சல் வந்தால் தரங்கம்பாடி என்று போய்விட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்துவிடுவார். வெளியூரில் தூக்கம் வராது என்பது ஊருக்குச் சொல்லும் காரணம். ராத்திரி வண்டியை எங்கே விடுவது என்பதுதான் உண்மைக் காரணம்.

சுங்கச்சாவடிக்குச் சுங்கச்சாவடி அரசாங்கத்தைத் திட்டுவது, ஃபிளாஸ்க் காப்பி, கூகுள் சொல்லும் வழியை நம்பாமல் போய்த் தப்பான பாலத்தில் ஏறுவது எல்லாம் எல்லாரிடமும் உள்ளவை, விட்டுவிடலாம். இவருக்கென்று உள்ள தனிச்சொத்து நிழல்.

ஊர் எல்லை வந்ததும் வண்டியின் வேகம் இருபதுக்கு இறங்கும். கழுத்து வெளியே நீளும். "அதோ கோபுரம் தெரியுதுங்க" என்று அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொள்வார். இவர், "பக்கத்துல மரம் ஏதும் தெரியுதா பாரு" என்பார். அதற்கப்புறம் பிரதட்சணம் ஆரம்பிக்கும். நான்கு வீதியும் சுற்றி வருவார், திருப்தி இல்லாவிட்டால் இன்னொரு சுற்று. யாரோ வழி தெரியாமல் அலைகிறார் என்று இரக்கப்பட்டுத் தேநீர்க்கடைக்காரர் எழுந்து வந்து, "கோயிலு இந்தாண்ட சார்" என்று கை காட்டுவார். "கோயில் தெரியுதுப்பா, நிழல் எங்க இருக்கு?"

எல்லா நிழலும் நிழல் ஆகிவிடாது. ஆலமரமும் அரசமரமும் அடர்த்திதான், ஆனால் மேலே காக்காய், கொக்கு. எச்சம் பெயிண்டை அரித்துவிடும். தூங்குமூஞ்சி மரம் நல்ல அகலம், ஆனால் காய் விழுந்தால் கூரையெல்லாம் பிசுபிசுப்பு. நாவல் மரத்தடியில் பருவ காலத்தில் நிறுத்தியவர் வெள்ளை வண்டியைக் கொண்டுபோய் ஊதா வண்டியைக் கொண்டுவருவார். தென்னை நிழலை நம்பினால் மட்டை, அதிர்ஷ்டம் இல்லாதவருக்குத் தேங்காய். வேம்பு பரவாயில்லை, பழம் பழுக்காத வரை. புளியமரம் அருமையானது, ஆனால் நெடுஞ்சாலையை அகலப்படுத்துகிறோம் என்று பாதியை வெட்டித் தள்ளிவிட்டார்கள் (இந்த விஷயத்தில் அவர் கோபம் முழுக்க நியாயம்). எல்லாவற்றிலும் உயர்ந்தது புங்கமரம். புங்க நிழலில் இடம் கிடைத்த நாளில் அந்த அம்மாளுக்குப் பட்டுப்புடவையே கேட்கலாம். கேட்டு வாங்கியும் இருக்கிறார், காஞ்சிபுரத்தில்.

இடம் கிடைத்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் படித்து மறந்தவர்கள் நாம். அன்றாட வாழ்வில் பயன்படுத்துகிறவர் அவர் ஒருவர்தான். புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரர் பகுதி அவருக்குப் பிடித்ததற்குக் காரணம் மஞ்சள் சுவரோ கடற்கரைச் சாலையோ இல்லை. அங்கே தெருக்கள் நேர்க்கோட்டில் ஓடுகின்றன. வடக்குத் தெற்காக ஓடும் தெருவில் காலையில் கிழக்குச் சுவர் ஓரம், மதியத்துக்கு மேல் மேற்குச் சுவர் ஓரம் என்று கணக்குச் சுத்தமாக இருக்கும். உச்சிப்பொழுதில் மட்டும் இரண்டு பக்கமும் கைவிட்டுவிடும். அந்த ஒரு மணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து ஏசியை ஓடவிடுவார்.

தஞ்சாவூர் மேல் அவருக்குத் தீராத மனக்குறை. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாரோ சின்ன வயதில் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறார். "216 அடிக்குக் கட்டினவன் ஒரு காருக்கு நிழல் வர்ற மாதிரி கட்டியிருக்கக் கூடாதா?" என்று, 1010-இல் திருப்பணி முடித்த ராஜராஜனை ஆயிரம் வருஷம் தள்ளி நிறுத்திக் கேள்வி கேட்கிறார். நிழல் நன்றாகவே விழுகிறது. செருப்பில்லாத காலோடு, கொதிக்கிற கல்தளத்தில் ஓடி ஓடி அந்த நிழலில் போய் நின்றவர் அவர் மனைவி. அவர் சொல்லியும் இவர் நம்பவில்லை. கார் போக முடியாத இடத்து நிழல் கணக்கில் வராது போலும்.

கடலோர ஊர் என்றால் கவலை இரட்டிப்பு. வெயிலோடு உப்புக்காற்றும் சேர்ந்துவிடும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு முன்னால் பரந்த வெட்டவெளி, எதிரே வங்கக்கடல். வேறு யாராக இருந்தாலும் இறங்கிக் காற்று வாங்குவார்கள். இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். "ஓட்டையில பூந்துச்சுன்னா துரு பிடிச்சிரும்" என்று வண்டியைத் திருப்பி, கடலுக்கு முதுகு காட்டி, ஊருக்குள் வெகுதூரம் வந்து நிறுத்தினார். பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் கப்பலை விட்டு இறங்கிய கரைக்கும் இவர் வண்டியை விட்டு இறங்கிய இடத்துக்கும் ஷேர் ஆட்டோ விடலாம்.

"நீ போய்ப் பாத்துக்கிட்டிரு, நான் வண்டியைப் போட்டுட்டு வந்துடறேன்." இந்த ஒரு வாக்கியத்தோடு அந்த அம்மாள் பல்லவர், சோழர், டேனிஷ்காரர், பிரெஞ்சுக்காரர் எல்லாரையும் தனியாகச் சந்தித்திருக்கிறார். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் கருவறையைச் சுற்றிவரும் குறுகலான வழியில் தவழ்ந்து போய்த் தவழ்ந்து வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். அந்த அம்மாள் தவழ்ந்துவிட்டார். ஆக, அந்தக் குடும்பத்தில் மறுபடி பிறந்து மரம் தேட வேண்டியவர் அவர் மட்டும்தான். பார்த்து முடித்து வெளியே வந்தால் விட்ட இடத்தில் வண்டி இருக்காது. போன் போட்டால், "அங்க வெயில் வந்துடுச்சும்மா, பின்பக்கம் ரேஷன் கடை இருக்குல்ல, அங்க வா" என்பார்.

ஆனால் திரும்பி வரும்போது அந்த வண்டிக்குள் இருந்து பார்க்க வேண்டும். பின்சீட்டில் இருந்து நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசில் ஒரு பூனை ஒற்றைக்காலில் நின்று கையைத் தூக்கித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள் அதை நம்பி நிற்கின்றன என்பார். இவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரிப்பார். "எத்தனை எலி? பூனை கண்ணு மூடியிருக்கா?" என்று கேட்பார். கங்கைகொண்ட சோழபுரத்தில் சிவபெருமான் சண்டேசர் தலையில் பூமாலையைச் சுற்றிவிடுவதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. சேர்ந்து பார்த்துவிட்டு வரும் தம்பதிகள் ஆளுக்கொரு போனோடு திரும்புவதைக் கண்டிருக்கிறேன். மனைவி பேச்சை மூன்று மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்கிற கணவரை வேறெங்கும் கண்டதில்லை. மறுநாள் அந்தப் பூனையை, தானே நேரில் எலியை எண்ணிவிட்டு வந்தவர் போல, அடுக்ககம் முழுவதும் விவரிப்பார். அந்த அம்மாள் காட்டிக்கொடுக்க மாட்டார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

ஒரு கடலோர ஊரில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே ஒரு மரம். அதன் அடியில் ஒரு பாட்டி வெள்ளரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்தார். நம்மவர் கண்ணாடியை இறக்கி, மிகவும் மரியாதையாகவே, "பாட்டிம்மா, கொஞ்சம் அந்தாண்ட தள்ளி உக்காந்துக்கிறீங்களா?" என்றார். கார்க்காரர் சொன்னால் நகர வேண்டும் என்று பழகிய உடம்பு. பாட்டி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, கூடையை இழுத்துக்கொண்டு போய் வெயிலில் உட்கார்ந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். இவர் இரண்டு வெள்ளரிக்காய் வாங்கினார், பேரம் பேசவில்லை, அதில் கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். வாடிய காயை யார் வாங்குவார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு அந்த அம்மாளும் கோயிலுக்குள் போகவில்லை. கூடைக்குப் பக்கத்தில் குடையை விரித்துக்கொண்டு நின்றார்.

நாம் ஞாயிற்றுக்கிழமை போய்வருகிற ஊர்களில் திங்கட்கிழமையும் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே இருக்கிற நான்கைந்து மரமும் பூக்காரம்மாவுக்கு, செருப்புக்குக் காவல் இருக்கிறவருக்கு, ஆட்டோ ஓட்டுகிறவருக்கு, படுத்திருக்கிற நாய்க்கு. சுற்றிப் பார்க்க வந்தவர்களின் கார்களே முதலில் வந்து அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. "ஸ்டியரிங் தோசைக்கல்லா காயுது சார், எப்படிப் பிடிக்கறது?" என்கிறார். ஒரு துண்டைப் போட்டு மூடலாம். நான்கு கதவையும் திறந்து வைத்து இரண்டு நிமிடம் நிற்கலாம்.

இதைப் படிக்கும் கார்க்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஞாயிறு மரத்தடியில் கூடை ஏதாவது தெரிந்தால் வண்டியை வெயிலிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். கார் பெயிண்டைத் தொழிற்சாலையிலேயே சுமார் 140 டிகிரி உலைக்குள் விட்டுத்தான் இறுக வைக்கிறார்கள். நம் கத்திரி வெயில் 40-ஐத் தாண்டினாலே செய்தியில் சொல்லிவிடுவார்கள்.