கதவுக்குள் கச்சேரி: நாமே செய்வோம்

முதலில் கார்க் கதவுக்கான ஸ்பீக்கரை வாங்கிவிடுங்கள். அளவெடுப்பது, யோசிப்பது எல்லாம் அப்புறம். சென்னைவாசி என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போதும். "என்ன வண்டி சார்?" என்பார் கடைக்காரர். நீங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஆறரை இன்ச் ஜோடி ஒன்று மேசைக்கு வந்துவிடும். அட்டைப்பெட்டியில் 300 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது ஒரு கணம் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் ஆர்.எம்.எஸ். வாட், பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் ஒளிந்திருக்கும். டேஷ்போர்டில் இருக்கும் உங்கள் செட்டோ சேனலுக்கு 20 வாட் சொச்சம் கொடுத்தாலே பெரிது. இதையெல்லாம் படிக்காதீர்கள், வாங்கிய சந்தோஷம் போய்விடும்.

அடுத்து டோர் பேட், அதாவது கதவின் உள்பக்க உறை. கைப்பிடிக் குழிக்குள் ஒரு ஸ்க்ரூ, கதவு திறக்கும் கொண்டிக்குப் பின்னால் மூடி போட்ட இன்னொன்று. மூன்றாவது எங்கோ இருக்கும். தேட வேண்டாம்; பலமாக இழுங்கள், எங்கே உடைகிறதோ அங்கேதான் இருந்தது. தெறித்த கிளிப்புகளுக்குப் புதுப்பேட்டைக் கடைகள் இருக்கின்றன.

பேடுக்குப் பின்னால், கறுப்புப் பிசினால் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் ஒன்று தெரியும். கம்பெனிக்காரர்கள் கவரை எடுக்க மறந்துவிட்டார்கள் என்று எண்ணிக் கிழித்தெறிவது நம் மரபு. மழைநீர் கண்ணாடியோடு வழிந்து கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறுகிறது. போகிற வழியில் அது உங்கள் காலடிக்கு வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். ஐப்பசி வரை இதை மறந்திருக்கலாம்.

இனி ஸ்பேசர். கம்பெனி ஸ்பீக்கரின் காந்தம் சின்னது. நீங்கள் வாங்கியதன் காந்தம் பெரியது. அதை அப்படியே மாட்டினால், கீழே இறங்கும் கண்ணாடி காந்தத்தில் வந்து மோதும். ஸ்பீக்கரைச் சற்று வெளியே தள்ளி நிறுத்த ஒரு வளையம் வேண்டும். கடையில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வளையமே கிடைக்கிறது. ஆனால் அதைப் போய் வாங்குகிறவருக்கு இந்தக் கட்டுரை எதற்கு?

பரணில் ஆசாரி விட்டுப்போன எம்.டி.எஃப். துண்டு இருக்கும், எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. மர இழைகளையும் பசையையும் சேர்த்து அழுத்திய பலகை அது. கதவுக்குள்ளோ மழைக்காலம் முழுக்க ஈரம். பெயின்ட் அடிக்காமல் வைத்தால் ஊறி உப்பும், ஸ்க்ரூ பிடிப்பை விடும், ஸ்பீக்கர் தானாகவே தாளம் போடத் தொடங்கும். விஷயம் தெரிந்தவர்கள் ஆகவே சமையலறைப் பக்கம் போகிறார்கள். காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகை தண்ணீருக்கு அசையாது, ஜிக்சாவுக்கு நன்றாக வெட்டுப்படும், 12 மில்லிமீட்டர் கனத்திலும் கிடைக்கும். எடுக்கும் நேரம்தான் முக்கியம்: மத்தியானச் சமையல் முடிந்த பிறகு.

கனம் எவ்வளவு வைப்பது? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. குறைந்தால் பின்னால் கண்ணாடி முட்டும்; கூடினால் முன்னால் டோர் பேட் மூடாது. முறைப்படி, கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு அளக்க வேண்டும். ஏற்றி வைத்துக்கொண்டு அளப்பது சுலபம், இடமும் தாராளமாகத் தெரியும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து சுங்கச்சாவடியில் கண்ணாடியை இறக்கும் வேலையும் குறைந்துவிட்டது. போக்குவரத்துக் காவலர் கை காட்டும்போதுதான் சிக்கல். கண்ணாடி பாதியில் "டொக்" என்று நிற்க, மீதியைக் கதவைத் திறந்து பேசிக்கொள்ளலாம்.

வளையத்தை மாட்டக் கதவுத் தகரத்தில் துளை போடுவதற்கு முன், உள்ளே மஞ்சள் கனெக்டரோ மஞ்சள் உறை போட்ட ஒயரோ தெரிந்தால் கை வைக்காதீர்கள், ஏர்பேக் சம்பந்தப்பட்டது. இந்தக் கட்டுரையில் விளையாட்டில்லாத வரி இது ஒன்றுதான். துளையிட்ட இடத்தில் தகரம் பளபளவென்று தெரியும், அங்கே ஒரு சொட்டு பெயின்ட் வைத்தால் துரு வராது. வைக்காவிட்டால் வரும், அவ்வளவுதான்.

வளையத்துக்கும் தகரத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஃபோம் டேப் ஒட்டச் சொல்வார்கள். ஸ்பீக்கர் கோனின் பின்பக்கத்திலிருந்து கிளம்பும் ஒலி அந்த இடுக்கு வழியே முன்பக்கம் வந்து, அங்குள்ள ஒலியைத் தின்றுவிடும்; முதலில் போவது பேஸ். ஒரு பக்கம் மட்டும் பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தாலும் இதே கதைதான். இடது கோன் முன்னால் வரும்போது வலது கோன் பின்னால் போகும், நாதஸ்வரம் கேட்கும், தவில் கேட்காது. சுவர்க் கடிகாரத்தின் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: கோன் வெளியே துள்ளினால், பேட்டரியின் பிளஸ் பட்ட முனைதான் பிளஸ். இதற்கெல்லாம் பொறுமையில்லாதவர்கள் செட்டில் பேஸை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, "இந்த ரெக்கார்டிங்கே சரியில்லை" என்று இசையமைப்பாளர் மேல் பழியைப் போடலாம். நண்பர்கள் ஒப்புக்கொள்வார்கள், அவர்கள் காரிலும் அப்படித்தான்.

முன் கதவுகள் முடிந்தால் பின் கதவுகள் இருக்கின்றன. நறுக்கும் பலகை தீர்ந்துபோயிருக்கும். சப்பாத்திப் பலகையைப் பாருங்கள். வட்டமாகவே இருக்கிறது, வெளிவட்டம் வெட்டும் வேலை மிச்சம்.