புகை கண்டால் பூக்குமாம்

கோவண்டி ஸ்டேஷன் வாசலில் தள்ளுவண்டி பையா அன்னாசியைச் சீவி, மசாலா தூவி, குச்சி செருகிக் கொடுத்துவிட்டுக் கொண்டையைக் கூடையில் எறிவார். அதைக் கேட்டு வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். "மாட்டுக்கா சாப்?" என்றார். வீட்டில் வளர்க்க என்றதும், ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பார்த்த பார்வைக்கு நான்தான் ஏதாவது கொடுத்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, "ஏலே, பழத்த விட்டுட்டுக் குடுமிய வாங்கிட்டு வந்திருக்கியே" என்றாள்.

கொண்டையின் அடி இலைகளை நாலு சுற்று உரித்தால், தண்டில் பழுப்பாகக் குருணை குருணையாய் வேர் முளைகள் தெரியும். ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டிவிட்டு, இரண்டு மூன்று நாள் நிழலில் காயப்போட்டு, பிறகு நட வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஜூலை மழையில், சதையும் ஈரமுமாக அப்படியே ஊன்றினேன். பத்தாம் நாள் தொட்டுப் பார்த்தபோது நடுக்குருத்து கையோடு வந்துவிட்டது. மோந்து பார்த்த மனைவி, "குப்பை மேடு பால்கனிக்கே வந்தாச்சுங்க" என்றாள். தேவ்நார்க்காரிக்கு அந்த வாசனையில் பிசகு வராது. 1927 முதல் இந்த ஊர் பம்பாயின் குப்பையை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது கொண்டையை அம்மா அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டு மறந்துபோயிருந்தாள். அது காய்ந்து சுருங்கிக் கிடந்தது. வேண்டாவெறுப்பாகப் பழைய பெயிண்ட் டப்பாவில் ஓட்டை போட்டு நட்டேன். அதுதான் பிழைத்தது. நான் பார்த்துப் பார்த்துச் செய்தது அழுகியது, அம்மா மறந்தது வேர்விட்டது. இதை அவள் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

அன்னாசிக்கு ஒரு வினோதப் பழக்கம் உண்டு. வறண்ட காலத்தில் தண்ணீரை மிச்சம் பிடிக்க, பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு இராத்திரியில்தான் காற்றை உள்ளே இழுக்கும். எங்கள் பக்கம் இராத்திரியில்தான் நாற்றம் தூக்கலாக வரும். பாவம், யாரும் அதற்கு முன்கூட்டியே சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு வருஷத்தில் செடி பால்கனியை அடைத்துக்கொண்டது. இலை விளிம்பெல்லாம் ரம்பம். காபி டம்ளரோடு அந்தப் பக்கம் போனால் கையில் கோலம் போட்டு அனுப்பும். ஒருநாள் மேல்மாடிக் கொடியிலிருந்து எங்கள் ஹவுசிங் சொசைட்டி செக்ரட்டரியின் லுங்கி பறந்து வந்து அதன்மேல் இறங்கியது. எடுத்தபோது அது லுங்கியாக இல்லை. மறுநாள் லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ்: 'பால்கனியில் முள் செடிகள் வைக்கக்கூடாது.' பன்மைதான். கட்டடத்திலேயே முள் செடி இருந்தது என் வீட்டில் மட்டும்.

பூ மட்டும் வரவில்லை. கேரளத்து வாழக்குளம் அன்னாசிக்கு 2009இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்த ஊர் விவசாயிகள், ஏறக்குறைய 40 இலை வந்ததும் குருத்தில் எத்திஃபான் கரைசலை ஊற்றிப் பூக்க வைத்துவிடுவார்கள். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயுதான் செடிக்குக் கல்யாண ஆசையைக் கிளப்புகிறது. அசோர்ஸ் தீவில் அதையே புகை போட்டுச் சாதிக்கிறார்கள். புகையிலும் எத்திலீன் உண்டு.

புகையா! 2016 ஜனவரியில் எங்கள் குப்பை மேடு பற்றி எரிந்த புகையை விண்வெளியிலிருந்து நாசா படமெடுத்தது. மாநகராட்சிப் பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள். அன்று என்னிடம் செடி இல்லை. செடி இருக்கும்போது அந்த மாதிரி புகை இல்லை. லேசாகப் புகை வந்த ஒரு மாலையில், எல்லா வீட்டு ஜன்னலும் படபடவென்று மூட, நான் மட்டும் பால்கனிக் கதவை விரியத் திறந்து வைத்தேன். நாலு நாள் வீட்டில் எல்லோருக்கும் இருமல். செடி அசையவில்லை.

கடைசியில் ஆப்பிள் வைத்தியம். இரண்டு ஆப்பிளை நறுக்கிக் குருத்தோரம் வைத்து, செடியைப் பாலித்தீன் பையால் மூடிவிட வேண்டும். பழுத்த பழம் விடும் வாயுவும் எத்திலீன்தான். அம்மா பையை எட்டிப் பார்த்துவிட்டு, "செடிக்கு ஆப்பிளு, எனக்குப் பூவம்பழமா?" என்றாள். அந்தப் பூவம்பழமே போதும், அதுவும் எத்திலீன் விடும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அவளிடம் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் நடுக்குருத்து சிவந்தது. உள்ளேயிருந்து குட்டிக் கூம்பு ஒன்று தலைநீட்டி, அடியிலிருந்து மேலாக, தினம் சில ஊதாப் பூக்கள். அத்தனை பூக்களும் ஒட்டிக்கொண்டு ஒரே பழமாகிவிடுகின்றன. எங்கள் சொசைட்டி மீட்டிங்கில் நடக்காத காரியம். அக்கம்பக்கத்தார் வந்து போட்டோ எடுத்தார்கள். செக்ரட்டரிகூட வந்தார், பேண்ட் போட்டுக்கொண்டு.

ஆக்ராவில் தன் தோட்டம் ஒன்றில் வருஷத்துக்குப் பல ஆயிரம் அன்னாசி பறிப்பதாக ஜஹாங்கீர் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு இரண்டரை வருஷத்தில் ஒன்று. சமையலறைத் தராசில் நானூறு கிராம், அதிலும் கொண்டை சேர்த்து. ஆறு பேர் தின்றோம். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஸ்டேஷன்ல மசாலாவும் போட்டுத் தருவான்" என்றாள்.

கொண்டையைக் கேட்டு மூன்று வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. செக்ரட்டரிக்குத்தான் கொடுக்கப்போகிறேன். வேர் பிடிக்கும்வரை அந்த நோட்டீஸ் லிஃப்ட் பக்கத்திலேயே இருக்கட்டும், கிழித்துவிடாதே என்று வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.