இறக்குறதை நெனச்சு ஏத்துடா, பேராண்டி!

வாடா பேராண்டி. லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கியே, என்னா சங்கதி? ஸ்டாக்கும் க்யூவும் மண்டையில ஏறலையா? பூம்பாறையில பொறந்துட்டு இதைச் சொல்லக் கூச்சமா இல்ல? நம்ம மலைப்பூண்டுக்கு 2019லயே புவிசார் குறியீடு குடுத்துட்டாங்க. பூண்டு ஏத்துற மூளைக்கும் ஒண்ணு குடுக்க வந்திருப்பாங்க. உன்னைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க போல.

லாரியில மூட்டை ஏத்துன கையிடா இது. கேளு. பெருமாள்மலையில 10 மூட்டை இறக்கணும், தேவதானப்பட்டியில 10, மிச்சமெல்லாம் வடுகபட்டிச் சந்தைக்கு. எதை முதல்ல ஏத்துவ? "முதல்ல வர்ற ஊரு பெருமாள்மலை, அந்த மூட்டை"ன்னுதானே வாயெடுக்கிற? வெளங்கிரும்! அங்க போயி, சாரல்ல நனைஞ்சுக்கிட்டு மொத்த லோடையும் இறக்கி மறுபடி ஏத்துவ. கூலி மட்டும் உங்கப்பன் குடுப்பான். வடுகபட்டி மூட்டை முதல்ல உள்ள போகணும், பெருமாள்மலை மூட்டை கடைசியா ஏறணும். கடைசியா ஏறுனது முதல்ல இறங்கும். அம்புட்டுத்தான் ஸ்டாக்கு. ஏத்துனா புஷ், இறக்குனா பாப், இறக்காம மேல் மூட்டையத் தட்டிப் பார்த்தா பீக்.

ஜெர்மனியில பாவர், சாமெல்சன்னு ரெண்டு கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்காரங்க 1957லயே இந்த ஸ்டாக்குக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டாங்களாம். நம்மூரு லோடுமேன் மனுப் போடாம விட்டுட்டான்.

க்யூவுக்கு இம்புட்டு ரோசனை வேண்டாம். வெள்ளி அருவி டோல்கேட்டுல போயி நில்லு. ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7லருந்து நம்ம மலைக்கு வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும். இருந்தாலும் முதல்ல வந்த வண்டிதான் முதல்ல போகும். பின்னாடி நிக்கிறவன் எம்புட்டு ஹாரன் அடிச்சாலும் நிக்க வேண்டியதுதான். 108 வந்தா மட்டும் எல்லாரும் ஒதுங்குறோம்ல, அது முன்னுரிமை க்யூ. மந்திரி மச்சான்னு சொல்லிக்கிட்டு வர்றவனை எந்த க்யூவுல சேர்க்குறதுன்னு உங்க புத்தகத்துல இல்ல.

இப்ப நீ பைத்தான்ல எழுதுனதுக்கு வா. லிஸ்ட்டுல அப்பெண்ட் போட்டு, பாப் போட்டிருக்க. அது ஸ்டாக்கு, குத்தமில்ல. க்யூவுக்கும் அதே லிஸ்ட்டை வச்சு, பாப் அடைப்புக்குள்ள பூஜ்ஜியம் போட்டிருக்க பாரு, அங்கதான் சறுக்கிட்ட. விடை சரியாத்தான் வரும். ஆனா முன்னாடி ஒண்ணை எடுத்ததும் பின்னாடி நிக்கிற அத்தனையும் ஒரு இடம் நகரணும். பத்து வண்டி நிக்கையில தெரியாது. மே மாசக் கூட்டத்துல தெரியும். டெக்குன்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு முனையிலயும் யாரையும் நகர்த்தாம எடுக்கலாம். பாப்லெஃப்ட் போடு. தாத்தனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. ராத்திரியில நீ சத்தம் போட்டுப் படிக்கிறதை இந்த வீட்டுல நீ ஒருத்தன்தான் கேக்கல.

காலி லாரியில மூட்டையத் தேடாத. எடுக்குறதுக்கு முன்னாடி உள்ள ஏதாச்சும் கெடக்கான்னு பாரு. இல்லேன்னா இண்டெக்ஸ் எர்ரர்னு திட்டும். உங்க பாட்டி திட்டுறதுக்கு அது எவ்வளவோ தேவலை.

ஒரு ஃபங்ஷன் இன்னொண்ணைக் கூப்பிட்டாலும் மூட்டை மேல மூட்டைதான். கடைசியாக் கூப்பிட்டது முடிஞ்சாத்தான் அதுக்கு முந்தினது நகரும். தன்னைத்தானே கூப்பிட்டுக்கிட்டு நிறுத்தத் தெரியாமப் போனா, பைத்தான் 1,000 வாக்குல "போதும்டா சாமி"ன்னு நிறுத்திப்புடும். அந்தக் கணக்கை மாத்திக்கலாம்தான். அதுக்கு முன்னாடி புத்திய மாத்து.

வாத்தியாரு ரெண்டு ஸ்டாக்கை வச்சே க்யூ செய்யச் சொன்னாரா? அதுக்கா அழுகுற? ஒரு லாரி லோடை ஒவ்வொண்ணா எடுத்து அடுத்த லாரியில ஏத்து. அடியில கெடந்தது மேல வந்துரும், முதல்ல வந்தது முதல்ல இறங்கிரும். ஒண்ணு மட்டும் மறக்காத: ரெண்டாவது லாரி சுத்தமாக் காலியானப்புறம்தான் அடுத்த லோடை மாத்தணும். பாதியில மாத்துனா வரிசை கெட்டுப்போகும்.

கீபோர்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி கேளு: எது முதல்ல வெளிய வரணும்? கடைசியா வந்ததுன்னா ஸ்டாக்கு, முதல்ல வந்ததுன்னா க்யூ. இறக்குறதை நெனச்சு ஏத்துறவன் பொழைச்சுக்குவான். ஏத்திட்டு ரோசிக்கிறவன் கூலிய ரெண்டு தடவை குடுப்பான்.