ஐ.பி. போனுக்கு ஃபர்ம்வேர் ஏற்றுதல்: ஒரு பதிப்பியல் ஆராய்ச்சி

அலுவலக மேசையில் இருக்கும் சிஸ்கோ 7961 ரக ஐ.பி. போனுக்குப் புது ஃபர்ம்வேர் ஏற்றுவது பொறியியல் சார்ந்த வேலை என்பது பூர்வபட்சம். அது சுவடி ஒப்பிட்டுப் பாடம் தேரும் பண்டிதர் வேலை என்பது நம் சித்தாந்தம்.

சான்று வருமாறு. மின்சாரம் வந்ததும் போன் டி.எச்.சி.பி. சர்வரிடம் தனக்கொரு முகவரி கேட்கிறது. 150-ஆம் எண் ஆப்ஷன் வழியாக டி.எஃப்.டி.பி. சர்வர் எங்கே என்றும் தெரிந்துகொள்கிறது. அங்கே போய், எந்த ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டும் என்று சொல்லும் தன் கான்ஃபிக் ஃபைலைப் பெயர் சொல்லிக் கேட்கிறது: முதலில் எஸ்.இ.பி., ஒட்டினாற்போல் 12 இலக்க மேக் முகவரி, புள்ளி, சி.என்.எஃப்., புள்ளி, எக்ஸ்.எம்.எல். மேக் முகவரியின் எழுத்துகள் பெரியவை, வால் சிறியது. லினக்ஸ் சர்வரில் இதில் ஓரெழுத்து பிசகினாலும் ஃபைல் கண்ணெதிரே இருந்தும் இல்லாததே. விண்டோஸ் மரபினர் இந்தப் பாடபேதத்தைப் பொருட்படுத்துவதில்லை. அவர்கள் லினக்ஸுக்கு மாறும் நாளில் படும் பாடு தனி ஆய்வுக்குரியது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத மொழிக்கு இலக்கணம் செய்த தொல்காப்பியர் இதுபற்றி வாய் திறக்காததில் வியப்பில்லை.

சொந்த ஃபைல் கிடைக்காவிட்டால் எல்லாருக்கும் பொதுவான ஒரு ஃபைலைக் கேட்கும். இது புறனடை.

டி.எஃப்.டி.பி. சர்வர் பாஸ்வேர்டு கேட்காது. தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்றும் சொல்லாது. 512 பைட் தரும். ‘வந்தது’ என்று பதில் வந்தால்தான் அடுத்த 512. அதற்குக் குறைந்த துண்டு வந்தால் ஃபைல் முடிந்தது. 1981-இல் வகுத்த விதியில் ஒரு குறை இருந்தது: ஒரே ஒரு பதில் தாமதமானாலும், அதன்பின் கடைசிவரை ஒவ்வொரு துண்டும் இரண்டிரண்டு முறை போகும். 1992-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1350 இதைச் சரிசெய்தது. பந்தி விசாரிக்கும் மாமாக்களிடம் இக்குறை இன்னும் நீடிக்கிறது.

இனி, எல்லாம் கைவிட்ட நிலையில் செய்யும் பிரயோகம். ஹேஷ் பட்டனை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்து, விளக்குகள் வரிசையாக மின்னத் தொடங்கியதும் 123456789, நட்சத்திரம், 0, ஹேஷ் என்று அழுத்த வேண்டும். இது மந்திரமா சூத்திரமா என்ற விவாதம் வீண். உச்சரிப்பு தேவையில்லாததால் சூத்திரமே. இதைச் செய்தால் பழைய அமைப்புகளோடு ஃபர்ம்வேரும் அழிந்துபோகும் என்பதைப் பலர் அழுத்தி முடித்தபிறகே படிக்கிறார்கள். சர்வரில் முழு ஃபைல் தொகுதியும் இல்லையென்றால் அதன்பின் அது போன் அல்ல, பேப்பர் வெயிட்.

‘ஓடுறதைத் தொடாதே’ என்னும் பள்ளியினர் இதையெல்லாம் மேற்கோள் காட்டுவர். மறுக்க நம்மிடம் வலுவான வாதம் இல்லை.

ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஃபர்ம்வேர் ஏறிக்கொண்டிருக்கும்போது ‘நெட் கேபிளைத்தானே கழற்றுகிறேன்’ என்று கை வைக்காதீர்கள். பி.ஓ.இ. இணைப்பில் மின்சாரமும் அந்தக் கேபிளில்தான் வருகிறது.