எந்த பேட்ச், எந்த பிளாக்?

பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா

அன்புள்ள பெரியப்பாவுக்கு, உங்கள் மகன் எழுதிக்கொண்டது. 

வாட்ஸ்அப்பில் வருவது கடிதமே அல்ல, தாளில் எழுதித் தபாலில் போட்டால்தான் படிப்பேன் என்று சொல்லிவிட்டீர்கள். அதோடு, கடிதத்தில் ‘நான்’ நாலு தடவைக்கு மேல் வந்தால் எழுதியவனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று அர்த்தம் என்பதும் உங்கள் பழைய தீர்ப்பு. ஆகவே இந்தக் கடிதத்தில் வருகிறவன் ‘இவன்’. இவன் யாரென்று உங்களுக்குத் தெரியும். பிட்ஸ்பர்க்கில்தான் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

இவன் வந்த புதிதில் தமிழர்கள் நடத்திய பொங்கல் விழாவுக்குப் போனான். பந்தியில் “கொஞ்சம் சாரு ஊத்துங்க” என்றான். நம் வீட்டில் சாரு என்றால் ரசம். பரிமாறிய அம்மாள் இவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய் ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்து கொடுத்தார். சோற்றில் ஊற்றிக்கொள்ளாமல் குடித்துவிட்டான். பக்கத்தில் இருந்த மதுரைக்காரர், “தம்பிக்குத் தெலுங்கோ?” என்று கேட்டார். சரி என்று உகாதிக்குத் தெலுங்குக்காரர்கள் கூடிய இடத்துக்குப் போனான். இரண்டு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் குண்டூர்க்காரர் ஒருவர், “மீரு அரவவாரா?” என்று கேட்டுவிட்டார். அரவம் என்றால் தமிழ் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாம்பு என்று நினைத்துக்கொண்டது இவனுடைய மனைவிதான். அவள் கும்பகோணம்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. 1911 வரை நாம் வடாற்காடு. அந்த வருஷம் சித்தூர் ஜில்லா ஆனோம். 1953ல் ஆந்திரா ஆனோம். 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு போயிற்று, நகரியும் புத்தூரும் இந்தப் பக்கமே நின்றுவிட்டன. 2022ல் திருப்பதியும் தனி மாவட்டம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, அடித்தால் இரண்டும் கலந்து அழுகை. இதையெல்லாம் பந்தியில் உட்கார்ந்துகொண்டு ரசம் ஆறுவதற்குள் விளக்க முடியுமா?

அப்படி இருந்தபோதுதான் மூன்றாவதாக ஒரு கதவு திறந்தது. திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் இங்கே சிலர் சேர்ந்து ஒரு கூடல் வைத்திருக்கிறார்கள். பெரிய சங்கம் அல்ல. முத்திரையும் லெட்டர்ஹெட்டும் கிடையாது. தலைவர் மட்டும் இரண்டு பேர். இவன் போய் நின்றதும் யாரும் நீ தமிழா தெலுங்கா என்று கேட்கவில்லை. “எந்த பேட்ச்? ஹாஸ்டலில் எந்த பிளாக்?” இந்த இரண்டு கேள்விதான். இரண்டுக்கும் விடை சொன்னதும் கையில் ஒரு தட்டைக் கொடுத்தார்கள். அதில் களி உருண்டை. ‘சங்கடி’ என்று அவர்கள் சொன்னார்கள், ‘களி’ என்று இவன் சொன்னான், இரண்டும் அதே ராகிதான்.

பழைய மாணவர் சங்கம் என்பதே அமெரிக்காவில் விநோதமாகப் பிறந்த சமாசாரம் பெரியப்பா. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ் என்று ஒரு கல்லூரி. 1821ல் அதன் தலைவரே சில மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊருக்குப் போய்ப் புதுக் கல்லூரியில் உட்கார்ந்துவிட்டார். போகிற போக்கில் நூலகப் புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு போனார் என்ற வதந்தி இருநூறு வருஷமாக ஓய்ந்தபாடில்லை. கல்லூரி மூடிவிடுமோ என்று பயந்த பழைய மாணவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்துக் கல்லூரியைத் தாங்கிப் பிடித்தார்கள். இந்த நாட்டின் முதல் பழைய மாணவர் சங்கம் அதுதான் என்கிறார்கள். அன்று தொட்ட பழக்கம், இங்கே பட்டம் வாங்கியவனைக் கல்லூரி விடுவதேயில்லை. இவன் இரண்டாவது பட்டம் வாங்கிய இடத்திலிருந்து வருஷா வருஷம் ஒரு சின்னப் பையன் போன் செய்து, மிக மரியாதையாக, எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்கிறான். கல்யாண வீட்டில் மொய் நோட்டோடு உட்கார்ந்திருப்பவருக்குக்கூட இவ்வளவு பொறுமை கிடையாது.

நம் கூடல் அப்படியல்ல. தலைக்கு இருபது டாலர் வசூல் செய்து, அதற்கு மூன்று மாதம் கணக்குக் கேட்கிற கூடல்.

கோடைப் பிக்னிக்தான் ஆண்டின் பெரிய நிகழ்ச்சி. நார்த் பார்க் என்று கவுண்டிப் பூங்கா, மூவாயிரம் ஏக்கருக்கு மேல், நடுவில் ஏரி. கூரை போட்ட ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுப்பார்கள். அழைப்பில் காலை பத்து மணி என்று போட்டிருக்கும். பத்து மணிக்கு வந்தவர் ஒருவர்தான், 1974 பேட்ச் பெரியவர். மடக்கு நாற்காலியைக் காரிலிருந்து எடுத்துப் புல்லில் போட்டு, மேலே துண்டையும் போட்டுவிட்டு உலாவப் போய்விட்டார்.

இந்த நாற்காலிக்கு ஒரு கதை உண்டு. பிட்ஸ்பர்க்கில் வீட்டு வாசலில் கார் நிறுத்த இடம் பிடிக்கத் தெருவில் ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவைப்பார்கள். சட்டத்தில் இடமில்லை, ஆனால் எவரும் அதை நகர்த்தத் துணிய மாட்டார்கள். முக்கியமாகப் பனிக்காலத்தில், தெருவைத் தோண்டிச் சுத்தம் செய்தவனுடைய நாற்காலி கோயில் பலிபீடம் மாதிரி. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு எறிந்து சீட்டுப் பிடித்து வளர்ந்தவனுக்கு இதைப் பார்த்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. பெரியவர் இரண்டையும் சேர்த்துவிட்டார்: நாற்காலி இந்த ஊர், துண்டு நம் ஊர்.

பன்னிரண்டு மணிக்குச் சனம் சேர்ந்தது. சாப்பாட்டு மேஜையில் ஏழு புளியோதரை. ‘ஆளுக்கொரு பதார்த்தம்’ என்று சொன்னால் திருப்பதிக்காரர் எல்லோருக்கும் ஒரே பதார்த்தம்தான் தோன்றும். போன வருஷம் இதைத் தவிர்க்கப் பட்டியல் போட்டார்கள், அப்போது ஒன்பது வந்தது. ஏழில் ஒன்று மட்டும் கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு தனியாக இருந்தது. பென் ஹில்ஸ் குன்றின்மேல் இருக்கும் வேங்கடேசுவரர் கோயில் பிரசாதம் அது. திருமலை தேவஸ்தானத்தின் துணையோடு 1976ல் எழும்பிய கோயில், அமெரிக்காவில் முதல் முதலாகக் கட்டப்பட்ட இந்துக் கோயில்களில் ஒன்று. மலையடிவாரத்தில் படித்தவர்கள், உலகம் சுற்றி வந்தும் மலையடிவாரத்திலேயே குடியிருக்கிறார்கள் என்று பெரியம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

மாம்பழத்துக்குத்தான் ஏக்கம். இந்திய மாம்பழத்தை 2007ல்தான் இந்த நாடு திரும்ப உள்ளே விட்டது, அதுவும் கதிர்வீச்சுக் காட்டி. வருகிற பழத்தின் விலையைச் சொன்னால் தோப்புக்காரரான நீங்கள் கடிதத்தைக் கிழித்துவிடுவீர்கள். ஆகவே டின்னில் அடைத்த மாங்கூழ். டின்னைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் பொடி எழுத்தில் சித்தூர் என்று இருந்தது. அதைக் கழுவி வீட்டில் பேனா ஸ்டாண்டாக வைத்திருக்கிறான் இவன்.

பிறகு டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். மூன்றாவது ஓவரில் ஓர் எஞ்சினீயர் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். எஸ்.வி. மெடிக்கல் காலேஜில் படித்து இங்கே எலும்பு மருத்துவராக இருப்பவர் பக்கத்திலேயே நின்றார். அவர் ஐஸ் கேட்டார். அதற்குள் சுற்றி நின்ற ஆறு எஞ்சினீயர்கள், பச்சிலை அரைத்து மூங்கில் பத்தை வைத்துப் புத்தூர்க் கட்டுப் போட்டால் மூன்றே வாரம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. ஐஸை வைத்து அழுத்திக்கொண்டே, “எங்க அப்பாவுக்கும் அங்கேதான் கட்டினோம்” என்று தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டார்.

நம் சித்தூர்ப் பேச்சிலேயே புஷ்பா படம் வந்ததிலிருந்து கூடலுக்கு மவுசு கூடிவிட்டது. முன்பெல்லாம் நம் சித்தூர் இழுவையைக் கேட்டால் ஐதராபாத்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். 2021ல் முதல் பாகம் வந்தது, இப்போது அவர்களே வந்து உச்சரிப்புப் பாடம் கேட்கிறார்கள். 2024ல் வந்த இரண்டாம் பாகத்தில் கதாநாயகன் புடவை கட்டிக் கங்கம்மா ஜாத்திரை ஆடியதும், அது ஏதோ சினிமாக்காரர்கள் கட்டிய கதை என்று பலர் நினைத்தார்கள். திருப்பதியில் தாத்தய்யகுண்ட கங்கம்மாவுக்கு மே மாதத்தில் ஆண்கள் புடவை கட்டி வேஷம் போடுவது எந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லிச் சொல்லி இவனுக்குத் தொண்டை வறண்டது. பிக்னிக்கில் பிள்ளைகளுக்கு வேஷப் போட்டி வைத்தார்கள். சந்தனம் பூசிய பையன்கள் நாலு பேர், அம்மாவின் பட்டுப்புடவையில் இரண்டு பேர், பேட்மேன் ஒருவன். பரிசு பேட்மேனுக்குப் போயிற்று. நடுவர் விசாகப்பட்டினம்.

குலுக்கலில் முதல் பரிசு என்ன தெரியுமா? தேவஸ்தானத்துக் காலண்டர். இரண்டாம் பரிசு ஒரு டேப்லட். டேப்லட் விழுந்தவர் காலண்டர் விழுந்தவரிடம் போய் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதையும், காலண்டர்க்காரர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கியதையும் இவன் கண்ணால் பார்த்தான்.

இலையுதிர் காலத்தில் ‘அலிபிரி நடை’ என்று ஒன்று உண்டு. இந்த ஊர் முழுக்க மேடும் பள்ளமும். தெருவுக்குத் தெரு இணைப்பாக எழுநூறுக்கு மேற்பட்ட பொதுப் படிக்கட்டுகள் இருக்கின்றன. திருமலைக்கு ஏற அலிபிரியில் 3,550 படி, அதற்கு ஈடாக எண்ணிக்கொண்டே ஏறுவது என்று திட்டம். முதல் வருஷம் எண்ணிக்கையில் தகராறு வந்து எண்ணூறு படியிலேயே நின்றுவிட்டது, மீதியைப் பில்டர் காபிக் கடையில் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். மறு வருஷம் புத்திசாலித்தனமாக, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் 42 மாடிக் கோபுரக் கட்டடத்துக்குள் போனார்கள். கல்விப் பேராலயம் என்று அதற்குப் பேர், 535 அடி உயரம். உள்ளே பல நாடுகளுக்குத் தனித்தனி வகுப்பறை. 2000ல் திறந்த இந்திய அறையை நாலந்தாவின் முற்றம் போலச் செங்கல்லில் கட்டியிருக்கிறார்கள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்ததும் எல்லோரும் தம்மையறியாமல் கடைசி வரிசைக்குப் போனார்கள். முதல் வரிசை காலி.

பேட்ச் மரியாதை மட்டும் இங்கே நம் ஊரைவிடக் கடுமை. ஒருவர் கம்பெனியில் முந்நூறு பேரை ஆள்பவராக இருக்கலாம். 1998 பேட்ச் என்றால் 1997 பேட்ச்காரருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தே ஆக வேண்டும். குரூப் போட்டோவில் பேட்ச்படி வரிசை. பல்கலைக்கழகம் தொடங்கியது 1954ல், கோவிந்தராஜுலு நாயுடு முதல் துணைவேந்தர். அந்தக் காலத்து மாணவர் இங்கே யாரும் இல்லாததால் முன்வரிசையில் அந்த 1974 பேட்ச் பெரியவர் ஒருவரே, தன் நாற்காலியில், தனியாக.

போட்டோ முடிந்து ஆட்கள் பாத்திரம் கழுவப் போனபோது பெரியவர் இவனைக் கூப்பிட்டார். எந்த பிளாக் என்று கேட்டார். சொன்னான். அறை எண் கேட்டார். அதையும் சொன்னான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஜன்னல் கல்லில் புலி ஆட்டக் கட்டம் ஒன்று இருக்குமே?” என்றார்.

இருந்தது பெரியப்பா. ஜன்னல் திண்டின் கல்லில் முக்கோணமும் குறுக்குக் கோடுமாக ஆடுபுலிக் கட்டம், ஆழமாகக் கீறியிருக்கும். இரவில் விளக்கை அணைத்தால் எதிரே மலைப்பாதை விளக்குகள் தெரியும், அந்த வெளிச்சம் போதாமல் டார்ச் அடித்து இவனும் அறைத் தோழனும் மூன்று வருஷம் அதில் ஆடினார்கள். யார் வெட்டியது என்று யாருக்கும் தெரியாது. வார்டன் என்றார்கள், பேய் என்றார்கள்.

“ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸ். இரண்டு முனை உடைந்துபோயிற்று” என்றார் பெரியவர்.

காகிதத் தட்டைக் கவிழ்த்துப் பேனாவால் கட்டம் போட்டார். கை நடுங்கியும் கோடு கோணவில்லை. அவித்த வேர்க்கடலை பதினைந்து ஆடு, புளியோதரையிலிருந்து பொறுக்கிய மிளகாய்க் காம்பு மூன்று புலி. சீனியர் என்பதால் புலி அவருக்கு. தமிழும் தெலுங்குமாக ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஆடினார்கள். பூங்காக் காவலர் வந்து நேரமாகிவிட்டது என்று சொன்னபோது ஒன்பது ஆடுகள் போயிருந்தன. ஆட்டத்தில் வெட்டியது நாலுதான். மற்ற ஐந்தை இவன் யோசித்துக்கொண்டிருந்தபோது பெரியவர் வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்த முறை மலைக்குப் போகும்போது ஹாஸ்டல் வாட்ச்மேனிடம் கேட்டு அந்தக் கல் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். ராகி மாவு இரண்டு கிலோ அனுப்புவதாகப் பெரியம்மா சொன்னதையும் ஞாபகப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்