மடியில் கனம்

முப்பத்தொரு வருடம் அரசு பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் என்கிற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். பெரும்பகுதி கோயமுத்தூர் – ஊட்டி ரூட். கைக்குழந்தையோடு விமானம் ஏறி, சிங்கப்பூர் போய், அங்கே யுனிவர்சல் ஸ்டூடியோஸ் என்கிற கேளிக்கைப் பூங்காவைச் சுற்றிவிட்டுச் சேதாரமில்லாமல் வீடு திரும்புவது எப்படி என்று அப்பா அம்மாக்களுக்குச் சொல்ல ஊரெல்லாம் ஆள் உண்டு. தாத்தாக்களுக்குச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை. அங்கே போய்க் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்காரப்போவது யார் என்று யோசித்தால், யாருக்கு இந்த வழிகாட்டி வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முதலில் வயது. நான் பணியில் இருந்தபோது பஸ்ஸில் மூன்று வயது வரை இலவசம், பன்னிரண்டு வரை அரை டிக்கெட். 2022-ல் அந்த இலவசத்தை ஐந்து வயதுக்கு நீட்டினார்கள். அதற்குள் நான் பையை ஒப்படைத்துவிட்டேன். என் அனுபவத்தில் கொங்கு நாட்டில் மூன்று வயதைத் தாண்டிய குழந்தையே கிடையாது. “இப்பத்தானுங்க ரெண்டரை” என்று தாய் சொல்லி முடிப்பதற்குள், அந்த ரெண்டரை என்னைப் பார்த்து, “நான் ரெண்டாங் கிளாஸ் படிக்கறேன்” என்று சொல்லும். நானும் காதில் விழாத மாதிரி அடுத்த சீட்டுக்கு நகர்ந்திருக்கிறேன்.

விமானத்தில் அந்த நகர்தல் எல்லாம் கிடையாது. பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி அச்சாகியிருக்கிறது. இரண்டு வயது நிறையும்வரை மடிக்குழந்தை. சீட் இல்லை, பல விமானங்களில் பெரியவர் கட்டணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, மலிவு விமானங்களில் இவ்வளவு என்று ஒரு தொகை. போகும்போது இரண்டு நிறையாமல் இருந்து, திரும்பி வரும் தேதிக்குள் நிறைந்துவிட்டால், திரும்புவதற்கு முழு சீட் வாங்கியாக வேண்டும். யுனிவர்சல் ஸ்டூடியோஸில் நான்கு வயதுக்குள் நுழைவு இலவசம். இந்தக் கணக்கையெல்லாம் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டு வந்த என் வீட்டம்மா ஒருநாள் ராத்திரி சொன்னாள்: “ஏனுங்க, இப்பவே போயிட்டு வந்துட்டா பாப்பாவுக்குச் செலவே இல்லீங்களாமா.”

பாப்பா என் பேத்தி. அவளுக்கு அப்போது ஏழு மாதம். பாப்பாவுக்குச் செலவில்லாமல் போய்வர, மகன், மருமகளோடு நாங்கள் நாலு பேர் முழு டிக்கெட் எடுத்தோம்.

மேட்டுப்பாளையத்தில், என் ரூட்டிலேயே, பிளாக் தண்டர் இருக்கிறதே என்று கேட்டுப் பார்த்தேன். “அதைத்தான் இத்தனை வருசமா பஸ் ஜன்னல்ல பாத்துட்டீங்களே” என்றார்கள். பதில் சொல்ல முடியவில்லை. தாத்தாக்களே, இந்தக் கட்டத்தில் எதிர்த்துப் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த நேரத்தில் முதுகுக்கு நல்லதாக ஒரு பெல்ட் வாங்கலாம்.

குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். படத்தில் பின்னால் வெள்ளை, கண் திறந்திருக்க வேண்டும், பிடித்திருப்பவர் கை தெரியக் கூடாது. வெள்ளைப் போர்வையில் படுக்கவைத்து மேலிருந்து எடுங்கள். எங்கள் வீட்டில் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை அழிக்கலாமா கூடாதா என்பதில் அரைமணி நேரம் போயிற்று. சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடம் செல்லும். பள்ளிக்கூடம் போகும் வயதிலும் அதில் இருப்பது இந்த மொட்டைத் தலைதான். பார்க்கிற அதிகாரியை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. சிங்கப்பூரில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆளுக்கொரு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், பாப்பாவுக்கும் சேர்த்து. அரசாங்கத் தளத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் நீங்கள் வேறு எங்கேயோ நுழைந்திருக்கிறீர்கள்.

மூட்டை கட்டும் வேலையைப் பாட்டியிடம் விடுங்கள். ஆனால் கட்டி முடித்ததும் ஒருமுறை செக்கிங் போடுங்கள். செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி முன்னறிவிப்பில்லாமல் ஏற வேண்டும். நேந்திரம்பழப் பொடி, ராகி, வசம்பு, நாற்பது டயப்பர், இவற்றுக்கு அடியில் அங்கிருக்கும் உறவுக்காரருக்கென்று அரைக் கிலோ கசகசா இருந்தது. சிங்கப்பூருக்குள் கசகசா தடைசெய்யப்பட்ட சரக்கு. போதைப்பொருள் கணக்கில் வருகிறது. “குருமாவுக்குப் போடறதைப் போயி…” என்று அவள் நம்பவே இல்லை. தேங்காய் மட்டும் போட்டு அரைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் நூறு மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்கிற சட்டம் குழந்தையின் பாலுக்கும் கூழுக்கும் இல்லை. பயணத்துக்கு வேண்டிய அளவு எடுத்துப் போகலாம். சத்தம் போட்டது வேறொன்று. பாப்பா இடுப்பில் வெள்ளி அரைஞாண். காலில் கொலுசு. என் சாவிக்கொத்தில் பழைய விசில். சோதனை செய்த அம்மணி கருவியை எங்கே வைத்தாலும் கீச்கீச். ஒரு விசிலுக்கு நில், இரண்டு விசிலுக்குப் போ என்று பழகிய காது எனக்கு. அது ஏழெட்டு தரம் கத்தினால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். கறுப்புக் கயிறு கட்டி அழைத்துப் போவது உத்தமம்.

விமானத்துக்கு உள்ளே போனால், முன் வரிசையில் சுவரில் மாட்டும் தொட்டில் உண்டு என்பார்கள். எல்லா விமானத்திலும் கிடையாது. இருப்பதிலும் எடைக் கணக்குப் பார்த்து, முன்கூட்டியே கேட்டவர்களுக்குத்தான். கிடைத்தாலும் மகிழாதீர்கள். விமானம் குலுங்கி பெல்ட் விளக்கு எரிந்தால் குழந்தையைத் தூக்கி மடியில் வைக்கச் சொல்வார்கள். குழந்தை எப்போது தூங்கிற்றோ அப்போதுதான் வங்காள விரிகுடா குலுங்கும். இன்னொன்று: ஒரு பக்க வரிசையில் ஒரு மடிக்குழந்தைக்கு மேல் பொதுவாக விடுவதில்லை. காரணம் கேட்டேன். மேலேயிருந்து விழும் ஆக்சிஜன் முகமூடி, சீட் எண்ணிக்கையைவிட ஒன்றுதான் கூடுதலாம். ஒரே சீட்டில் மூன்று தாயும் நான்கு பிள்ளையும் ஏற்றி மலை ஏறியவன், அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன்.

இனி காது. இது ஒன்றுதான் இந்தக் கட்டுரையில் நான் நிஜமாகவே அதிகாரத்தோடு பேசக்கூடிய விஷயம். விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றை அடைத்து, அதிகம் போனால் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். ஊட்டி 7,350 அடி. ஆக விமானத்தில் உட்காருவது என்பது ஊட்டிக்குச் சற்று மேலே உட்காருவது, குளிரும் அப்படித்தான். ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் உள்ளே போக மாட்டேன் என்று அடம் பிடிக்கும். விழுங்கினால்தான் வழி திறக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்கிக்கொள்வோம். குழந்தைக்குச் சின்னக் குழாய், சொல்லியும் கொடுக்க முடியாது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை பதினாலு கொண்டை ஊசி வளைவு. அதில் இறங்கும்போது பஸ்ஸில் உள்ள குழந்தைகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல அழும். முந்தானைக்குள் பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தை மட்டும் அழாது. முப்பது வருடம் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பாலை இறங்குவதற்கென்று பத்திரப்படுத்துங்கள். தரையைத் தொடும்போதல்ல, அதற்கு அரைமணி முன்பே இறக்கம் தொடங்கிவிடும். இதையெல்லாம் நான் மூன்று நாள் முன்பிருந்தே வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கிளம்பும்போது பாப்பா சிணுங்கிற்று, பாட்டி பாட்டிலை எடுத்தாள், கடைசிச் சொட்டுவரை போயிற்று. “பாருங்க, அழுவாம வர்றா” என்று பெருமை வேறு. நாலு மணி நேரம் கழித்து இறக்கம் தொடங்கியபோது பாப்பா எழுந்தது. மருமகள் பால் கொடுக்கப் பார்த்தாள். தூக்கம் கலைந்த பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்புறம் எடுத்த ராகத்தை மலாக்கா நீரிணை முழுக்கக் கேட்டிருக்கும்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். பஸ்ஸில் குழந்தை அழுதால் ஐம்பது பேர் ஐம்பது யோசனை சொல்வார்கள், எரிச்சலாக இருக்கும். ஆனால் யாராவது ஓர் ஆத்தா, “இங்க குடு கண்ணு” என்று வாங்கித் தோளில் போட்டுக்கொள்வாள். விமானத்தில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு நேரே பார்த்தார்கள். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

தள்ளுவண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாப்பா பிறந்தபோது தாய்மாமன் வாங்கிக் கொடுத்தது. எங்கள் தெருவில் அதைத் தள்ள இடமில்லாததால் அதுவரை துண்டு காயப்போடத்தான் பயன்பட்டது. பெரும்பாலான விமானங்களில் அதற்குக் கட்டணமில்லை, விமான வாசல்வரை தள்ளிக்கொண்டே போகலாம். அங்கே வாங்கிக்கொள்வார்கள். இறங்கியதும் அதே வாசலில் திரும்பக் கிடைக்குமா, பெட்டிகளோடு பெல்ட்டில் வருமா என்பதை ஏறும்போதே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை. சாங்கி விமான நிலையம் எவ்வளவு பெரியது என்பது எட்டுக் கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த எனக்குத் தெரியும். தமிழில் பலகை வைத்திருக்கிறார்கள். நின்று ஒவ்வொன்றாய்ப் படித்தேன். படிக்கிற சாக்கில் மூச்சு வாங்கலாம்.

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் திருப்பிக்கொள்ள வேண்டும். பாப்பாவைத் திருப்ப முடியாது.

பூங்கா செந்தோசா தீவில், 2010-ல் திறந்தது. வாசலுக்கு வெளியே ஒரு பெரிய உலக உருண்டை சுற்றிக்கொண்டிருக்கும். அதன் முன் நின்று படம் எடுக்க டிக்கெட் வேண்டாம். ஊருக்கு அனுப்பும் படம் எப்படியும் அதுதான். “படந்தான் எடுத்தாச்சே, இப்படியே திரும்பிரலாமா?” என்று கேட்ட ஒரே ஆள் நான்.

உள்ளே பெரிய ராட்டினங்களுக்கெல்லாம் உயரக் கணக்கு. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்று சிவப்பும் நீலமுமாய் இரண்டு தண்டவாளம் பின்னிக்கொண்டு போகிறது; 125 சென்டிமீட்டர் வேண்டும். மம்மி துரத்தும் இருட்டு வண்டிக்கு 122. பாப்பா 68. நம் ஊர்ப் பூங்காக்கள் பலவற்றில் உயரம் பார்த்து டிக்கெட் போடுவதால், அப்பன்மார் பிள்ளையின் தோளை அழுத்தி முழங்காலை மடக்கச் சொல்வார்கள். இங்கே ஓர் அப்பா, பையனைக் குதிகாலைத் தூக்கச் சொல்லித் தலைமுடியையும் மேலே வாரிவிட்டுக்கொண்டிருந்தார். அளவுகோல் அருகே நின்ற பெண் சிரித்துக்கொண்டே பார்த்தாள். எனக்கு அவளிடம் கைகுலுக்க வேண்டும்போல் இருந்தது.

பெரிய பூங்காக்களில் ஒரு வசதி உண்டு: குழந்தை வைத்திருப்பவர்களில் ஒருவர் ஏறி வந்ததும், மற்றவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். பணியாளரைக் கேளுங்கள். கேட்டபிறகு நடப்பது இது: மகன் போனான், வந்தான். மருமகள், “மாமா, ஒரே நிமிசம்” என்று போனாள். அடுத்து நான் என்று எழுந்தேன். பாட்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மம்மி இருட்டுக்குள் போயேவிட்டாள். வந்து என்ன சொன்னாள் தெரியுமா? “உங்க ஊட்டி பஸ்ஸு மாதிரியேதானுங்க இருந்துச்சு.”

பெஞ்சைத் தேர்ந்தெடுப்பதில்தான் தாத்தாவின் திறமை இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நிழல் நகரும், மத்தியானம் மழை வரும். கூரைக்கு அடியில், டயப்பர் மாற்றும் அறைக்குப் பக்கத்தில், ஐஸ்கிரீம் கடையிலிருந்து தூரத்தில் உட்காருங்கள். நான் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து டைனோசர் உறுமுவதும், தண்டவாளத்தில் போகிறவர்கள் அலறுவதும் நன்றாகக் கேட்டன. பாப்பா எதற்கும் அசையவில்லை. விமானத்தின் இறக்கம் முழுக்க அலறியவளுக்கு இதெல்லாம் என்ன சத்தம்?

அழுதது ஒரே ஒரு தடவை. மகன் எனக்கு ஒற்றைக் கண் மினியன் தொப்பி ஒன்று வாங்கி மாட்டினான். வேற்றுமுகம் பார்க்கிற மாதம் அது. தொப்பியோடு குனிந்த என்னைப் பார்த்து உதடு பிதுங்கியது, அப்புறம் ஊரே திரும்பிப் பார்த்தது. தொப்பியைக் கழற்றியபிறகும் ஐந்து நிமிடம் என்னைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பி விலையை இங்கே எழுதமாட்டேன், வீட்டம்மா படிப்பாள்.

திரும்பும்போது இறக்கத்துக்குப் பாலை நானே மடியில் வைத்துக்கொண்டேன். அழுகை இல்லை. கோயமுத்தூரில் இறங்கி, வீட்டுக்கு வரும் காரில் எல்லோரும் தூங்கினார்கள். வீட்டம்மா மட்டும் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, ஹாங்காங்ல ஒரு டிஸ்னிலேண்டு இருக்குதாமா. அங்க மூணு வயசு வரைக்கும் சும்மாவாமா.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“ஏரோப்ளேனுக்கு ரெண்டு முடிய இன்னும் பதினாறு மாசம் கெடக்குதுங்க.”

ஒரு விசில் கொடுத்து நிறுத்தலாம் என்று சாவிக்கொத்தைத் துழாவினேன். அது எப்போதோ பாப்பாவின் வாய்க்குப் போயிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு தரம் ஊதினாள்.